அன்றாட வாழ்வும் ஹைக்கூப் பாட்டும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணாக்கர்க்குப் பாட்டு என்றவுடன் நினைவில் எழுவன பெருநூல்களே. பதினாயிரத்திற்கு மேற்பட்ட செய்யுட்களையுடைய கம்பராமாயணமும், மூன்று காண்டங்களாய் விரிந்த சிலப்பதிகாரமும், 3,615 பாடல்களைக் கொண்ட வீரமாமுனிவரின் தேம்பாவணியும் எம் மேசைமீது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. இவற்றினிடையே பதினேழே ஒலியளவினைக் கொண்டதொரு பாட்டைக் குறித்துக் கட்டுரை வரையப் புகுவது சிலர்க்கு விளையாட்டாகத் தோன்றக்கூடும். யாமும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணினோம். ஜப்பானியப் புலவர் ஈயையும் தெள்ளுப்பூச்சியையும் அடுக்களைக் கத்தியையும் பாடினர் எனக் கேட்டபோது, ‘இவையும் பாடுபொருளாமோ?’ என நகைத்தோருள் யாமும் உளேம். அந்நகை அடங்கிய வரலாற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

ஹைக்கூ தனிப்பாட்டாகப் பிறந்ததன்று. புலவர் பலர் ஓரிடத்திற் கூடி, ஒருவர் 5, 7, 5 என்னும் அளவில் ஒரு பகுதியைப் பாட, அடுத்தவர் 7, 7 என்னும் அளவில் அதற்கு இயைந்த மற்றொரு பகுதியைப் பாட, அவ்வாறே மாறி மாறி நீண்டு செல்லும் தொடர்பாட்டொன்று முன்னாளில் ஜப்பானில் வழங்கிற்று. அதற்கு ரெங்கா என்று பெயர். அதன் எளிய, நகையுணர்வு கலந்த வகை ஹைக்கை எனப்பட்டது. இத்தொடரின் முதற்பகுதிக்கு ஹொக்கு என்பது பெயர். கூட்டத்திற்கு வந்த விருந்தினருள் தலையாயவர் அதனைப் பாடுவார். வீட்டுக்குரியவர் இரண்டாம் பகுதியை விடையாகப் பாடுவார். ஹொக்குவில் அன்றைய பருவத்தைக் குறிக்கும் சொல்லொன்று இருத்தல் வேண்டும் என்பது மரபு. ஒருவர் வீட்டு வாயிலை மிதித்தவுடன் ‘மழை விட்டுவிட்டதே’ என்றும், ‘உங்கள் மா இவ்வாண்டு நன்றாகப் பூத்திருக்கின்றதே’ என்றும் நாம் கூறும் முகமனை ஒத்ததே அது. ஆகவே அன்றாட வாழ்வு பிற்காலத்தார் இப்பாட்டினுட் கொண்டுவந்து புகுத்திய பொருளன்று. அதனோடு உடன்பிறந்தது எனலாம்.

1644-ஆம் ஆண்டில் இகா நாட்டிற் பிறந்து 1694-இல் ஓசாகாவில் மறைந்த மட்சுவோ பாஷோ, இச்சிறு முதற்பகுதிக்கே ஒரு முழுப்பாட்டின் நிறைவைத் தந்தார். 1689-இல் அவர் வடநாடு நோக்கி ஏறக்குறைய ஐந்து திங்கள் வழிநடந்தபோது, புகழ்பெற்ற கோயில்களும் போர்க்களங்களும் மட்டுமல்ல, வழியில் தங்கிய எளிய குடிலின் பூச்சிக்கடியும் அவர்க்குப் பாடுபொருளாயிற்று. அவர்க்குப் பின்னர் ஓவியராகிய பூசோனும் (1716–1784), ஈ, தெள், நத்தை முதலிய சிற்றுயிர்களை உறவினர்போல் விளித்துப் பாடிய இஸ்ஸாவும் (1763–1828) தோன்றினர். இஸ்ஸா குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தவர். தம் மக்களையும் ஒருவர்பின் ஒருவராகப் பறிகொடுத்தவர். அவர் சிற்றுயிர்கள்பாற் காட்டிய பரிவினைப் படிப்போர் இதனையும் அறிந்து படித்தல் நன்று. ஹைக்கூ என்னும் பெயரை நிலைபெறச் செய்து, தொடர்பாட்டினின்றும் அதனைப் பிரித்துத் தனிப்பாட்டாக நிறுத்தியவர், 1890-களில் எழுதிய மசாவோகா ஷிக்கி. அவரைப் பற்றிப் பின்னர் விரித்துரைப்போம்.

இனி, பதினேழு என்கின்றோமே, இப்பதினேழு எதன் எண்ணிக்கை? ஆங்கில நூல்களைப் பின்பற்றி அசை என்று பலரும் எழுதுவர். தமிழ் யாப்பிலக்கணம் பயின்றார்க்கு இவ்விடத்தில் ஓர் உவகை காத்திருக்கின்றது. ஜப்பானியர் எண்ணுவது நம் மாத்திரையை ஒத்ததொரு கால அளவு. அவர்க்கும் குறில் ஒன்று, நெடில் இரண்டு. பாஷோ என நாம் எழுதும் பெயரின் முதலெழுத்து அவர் மொழியிற் குறிலாகவும் ஈற்றெழுத்து நெடிலாகவும் ஒலிக்குமாதலின், அப்பெயர் மூன்றளவு பெறும். வேறுபாடு மெய்யெழுத்திலேதான் உள்ளது. நாம் மெய்க்கு அரை மாத்திரை கொடுக்கின்றோம். அவர் தனித்து நிற்கும் மெய்க்கும் முழு அளவு கொடுப்பர். ‘நிப்பொன்’ என்னும் அவர் நாட்டுப் பெயர் நம் கணக்கில் மூன்று மாத்திரை. அவர் கணக்கில் நான்கு. கண்ணிமைப்பதையும் கைந்நொடிப்பதையும் கொண்டு ஒலியை அளந்த தொல்காப்பியர், இக்கணக்கைக் கேட்டிருப்பின் தலையசைத்திருப்பார் என்றே எண்ணுகின்றோம். இதனாலே இரு மொழியும் ஓரினத்தன என்று வாதிட யாம் முற்படவில்லை. சுசுமு ஓனோ என்னும் ஜப்பானியப் பேராசிரியர் அவ்வாறு பல நூல்கள் எழுதினார். மொழிநூலார் பெரும்பாலோர் அதனை ஏற்றிலர்.

எனினும் பதினேழு மாத்திரையில் தமிழில் எழுத முயன்றோர் விரைவில் இடர்ப்படுவர். நம் வினைமுற்றுக்கள் திணை பால் எண் இடம் காட்டும் விகுதிகளைச் சுமந்து நிற்பன. ‘வந்துகொண்டிருக்கின்றார்கள்’ என்னும் ஒரு சொல்லே பாட்டின் பெரும்பங்கை விழுங்கிவிடும். இதனால் தமிழில் எழுதுவோர் எண்ணிக்கையை விடுத்து மூன்றடி என்னும் வடிவை மட்டும் கைக்கொண்டனர். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானியர் பெரும்பாலும் ஹைக்கூவை மேலிருந்து கீழாக ஒரே வரியில் எழுதுவர். மூன்றடியாகப் பிரித்தது மொழிபெயர்ப்பாளர் வழக்கு. நாம் மரபென்று போற்றுவது சிலபோது அச்சுக்கோத்தவர் செய்த உதவியாக இருத்தலும் உண்டு.

எண்ணிக்கையினும் இன்றியமையாதது வெட்டு. ‘யா’, ‘கனா’, ‘கேரி’ எனச் சில சொற்கள் ஜப்பானியத்தில் உள. அவை தமக்கெனப் பொருளில்லாதன. ஆயினும் ஓரிடத்தில் நின்று பாட்டை அறுத்து, படிப்பவரை ஒரு கணம் நிறுத்தும். பெயர்வினைகளைச் சார்ந்து நின்று அவற்றின் பொருளை வேறுபடுத்தும் நம் இடைச்சொற்களை நினைக. தேற்றேகாரம் ஒன்று வரும்போது சொற்றொடரின் முகமே மாறிவிடுகின்றதன்றோ? அவ்வெட்டிற்கு முன் ஒரு காட்சி, பின் ஒரு காட்சி. இரண்டிற்குமுள்ள உறவைப் புலவர் சொல்லார். ‘போல’ என்னும் உவமவுருபு வந்தால் பாட்டு அங்கேயே முடிந்தது. உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற நமக்கு இது புதிதன்று. குறிஞ்சித் தலைவியின் துயரைக் கூறாமல் அருவியையும் மந்தியையும் கூறிவிட்டு அமையும் சங்கப் புலவரை அறிந்தோர்க்கு, ஜப்பானியர் செய்ததன் நுட்பத்தை விளக்க வேண்டுவதில்லை.

பருவச்சொல்லும் அத்தகையதே. சைஜிக்கி எனப்படும் பருவச்சொல் அகராதிகள் ஜப்பானில் உள. இளவேனில், கோடை, இலையுதிர்காலம், கூதிர், புத்தாண்டு என ஐந்து பிரிவில் அவை சொற்களை வகுக்கும். தவளை என்றால் இளவேனில். அடைமொழியின்றித் திங்கள் என்றால் இலையுதிர்காலம். ஒரு சொல்லைச் சொன்ன அளவில் தட்பவெப்பமும், உடையும், உணவும், அப்பருவத்தை முன்னர்ப் பாடிய புலவர் அனைவரும் படிப்பவர் நெஞ்சில் வந்து நிற்பர். முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளைச் சுமந்து வரும் நம் திணைமரபின் தொழிலும் இதுவே. ஆனால் அவர் அகராதியை நாம் கடன் வாங்க இயலாது. நம் நாட்டுத் தவளை காருக்குரியது. இதனை மறந்த எம் தோழர் ஒருவர், பிறந்ததுமுதல் தென்பாண்டி நாட்டைவிட்டு அகலாதவர், செரிப்பூவையும் வெண்பனிப்பொழிவையும் பாடி வந்து படித்துக் காட்டினார். ‘இப்பனி எங்குப் பெய்தது?’ என்று கேட்டோம். ‘புத்தகத்தில்’ என்றார், அவரே முதலிற் சிரித்தார்.

அதன்பின் எமக்கென ஓர் அகராதி தொகுக்கலானோம். மிதிவண்டி இருக்கைமீது உதிர்ந்த வேப்பம்பூ, நுங்கு வண்டி, விளக்கடியில் ஈசல், சுவரில் ஊறிய ஈரம், மார்கழிக் காலையில் மூக்கொலியோடு எழும் தேவாரப் பதிவு, தையிற் பனங்கிழங்கு என அது வளர்ந்தது. திருச்சபையின் ஆண்டும் எமக்குப் பருவங்களைத் தந்தது. லெந்து நாட்கள், குருத்தோலை ஞாயிறு, அசனப் பண்டிகையின் பெரிய அண்டாக்கள், கிறிஸ்துமஸ் முடிந்தும் பொங்கல்வரை வாயிலில் தொங்கும் தாள் நட்சத்திரம் ஆகியவை அவ்வாறு எமக்குக் கிடைத்த சொற்கள். ‘அசனம்’ என்றெழுதியவுடன் எம்முட் பலர்க்கு வாழையிலை மணமும், சிறு வயதில் வரிசையில் நின்ற வெயிலும் நினைவுக்கு வந்தன. பருவச்சொல்லின் ஆற்றல் அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று.

இனி ஷிக்கியிடம் வருவோம். இவர் 1867-ஆம் ஆண்டில் மட்சுயாமாவிற் பிறந்தவர். 1889-இல் இருமலோடு குருதி வந்தது. ஷிக்கி என்பது குயிலினத்துப் பறவையொன்றின் பெயர்; கூவிக் கூவித் தொண்டையிற் குருதி கசியும் என்று அதனைக் குறித்து ஒரு வழக்குண்டு. தம் நோயையே பெயராகச் சூடிக்கொண்ட இவ்விளைஞர், 1895-இல் சீனப் போர்க்களத்திற்குச் செய்தியாளராகச் சென்று, திரும்பும் கப்பலில் மிகுதியாகக் குருதி கக்கினார். என்புருக்கி நோய் முதுகெலும்பிற் பரவிற்று. அதன்பின் தோக்கியோ நகரில் நெகிஷி என்னுமிடத்துச் சிறு வீட்டில், தாயும் தங்கையும் பேண, பெரும்பாலும் படுக்கையிலேயே வாழ்ந்தார்.

அப்படுக்கையிலிருந்து அவர் கண்டது எவ்வளவு? ஒரு சிறு தோட்டம். 1899-இன் இறுதியில் அவர் மாணவராகிய தக்கஹாமா கியோஷியின் உதவியால், தோட்டத்துப் பக்கம் தாள் ஒட்டிய கதவுகட்கு மாற்றாகக் கண்ணாடி பொருத்தப்பட்டது. குளிர்காலத்தில் கதவைத் திறவாமலே வெளியே நோக்க அது வழிசெய்தது. நம்மில் எத்தனையோ பேர் கண்ணாடிச் சன்னலருகே அமர்ந்து ஒருநாளும் வெளியே நோக்கியதில்லை. அவர்க்கோ அந்தக் கண்ணாடி ஓர் உலகத்தைத் தந்தது. மேனாட்டு ஓவிய முறையினின்றும் ‘ஷாசெய்’, அஃதாவது கண்முன் உள்ளதை உள்ளவாறு வரைதல், என்னும் கொள்கையை எடுத்துப் பாட்டிற்கு விதியாக்கினார். கற்பனையாற் புனையப்பட்ட பழம்பொருட்களையே திரும்பத் திரும்பப் பாடிக் களைத்திருந்த ஹைக்கூவிற்கு அது புத்துயிராயிற்று. உண்ட உணவையும், விழுங்கிய மருந்தையும், வந்த விருந்தினரையும் நாட்குறிப்பில் ஒவ்வொன்றாக எழுதினார். பழங்களில், சிறப்பாகப் பெர்சிமன் கனியில், அவர்க்கிருந்த விருப்பம் பெரிது. நோயாளிக்கு இத்தனை பசியா என வியக்கத் தோன்றும்.

1902 மே மாதம் ஐந்தாம் நாள்முதல் ‘ஆறடி நோய்ப்படுக்கை’ என்னும் பொருள்படும் தலைப்பில் நாளிதழொன்றில் எழுதத் தொடங்கினார். 127 பகுதிகள் வெளிவந்தன. இறுதிப் பகுதி செப்டம்பர் 17-இல் வந்தது. அவர் தோட்டத்தில் நுரைப்பீர்க்கு படர்ந்திருந்தது. அதன் தண்டிலிருந்து வடியும் நீர் கோழைக்கு மருந்தாகும் என்பர். செப்டம்பர் 18-இல், தாளைப் பலகையிற் பொருத்திப் பிறர் பிடித்திருக்க, படுத்தவாறே தூரிகை பிடித்து அந்தப் பீர்க்கைக் குறித்து மூன்று பாட்டுக்கள் எழுதினார். மறுநாள் விடியுமுன் மறைந்தார். அகவை முப்பத்துநான்கு. அவர் மறைந்த நாளை ஜப்பானியர் பீர்க்கின் பெயராலேயே குறிக்கின்றனர்.

யாம் இவ்வரலாற்றைப் படித்த இரவு நெடுநேரம் உறங்கவில்லை. இறக்கும் தறுவாயிலுள்ள ஒருவர் கொடியில் தொங்கும் காயைப் பாடுகின்றார். அவர்க்குப் பெரும்பொருள் கிடைக்கவில்லையா? மரணத்தைக் காட்டிலும் பெரும்பொருள் வேறேது? அதனை நேராகப் பாடாமல் பீர்க்கை நோக்கினார். ஹைக்கூ எழுதுவதில் இன்பம் உண்டு என்று எவரேனும் கூறின், அது ஓய்வுள்ளோர்க்குரிய மெல்லிய இன்பம் என்று யாம் அதுவரை எண்ணியிருந்தோம். புரண்டு படுக்கவும் இயலாது வலியால் அலறிய நாட்களைத் தம் கட்டுரைகளில் மறையாது எழுதிய அதே மனிதர்க்கு அவ்வின்பம் கிட்டியது என்றால், அதன் வேர் வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

ஒரு தடையையும் இவ்விடத்திலேயே எண்ணிப் பார்ப்போம். ‘உள்ளதை உள்ளவாறு சொன்னால் அது செய்தியாகுமேயன்றிப் பாட்டாகுமோ?’ என்பர். இத்தடை ஜப்பானிலேயே எழுந்ததுதான். 1900-ஆம் ஆண்டில் ஷிக்கி தம் தோட்டத்துக் கோழிக்கொண்டைச் செடிகளைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். செடிகள் ஏறக்குறைய எத்தனை என்பதன்றி அதில் வேறொன்றும் இல்லை. தம் ஆசிரியரின் பாட்டுக்களைத் தொகுத்த கியோஷி அதனைச் சேர்த்திலர். வேறு புலவர் சிலரோ அதனை மிக உயர்ந்ததென்றனர். பல்லாண்டுகள் வழக்கு நடந்தது. யாமும் எம்முள் இரு கட்சியாகப் பிரிந்து வழக்கிட்டோம். எண்ணத்தக்க அளவு செடிகளே எஞ்சிய உலகில் வாழ்ந்தவர் ஒருவர் அவற்றை எண்ணினார் என்பதை அறிந்து படிக்கும்போது அது பாட்டாகின்றது என்பது எம் கருத்து. அறியாது படிப்பவர்க்கு அது பாட்டாகாதென்பதையும் ஒப்புக்கொள்கின்றோம். எதிர்க்கட்சியார் இதையே தம் வெற்றியாகக் கொண்டனர்.

சிறுபொருள் பாடுபொருளாகாது என்னும் எண்ணம் நம்போன்ற கிறிஸ்தவர்க்கு உண்மையில் பொருந்தாதது. நம் ஆண்டவர் பரலோக இராச்சியத்தைப் பேச எடுத்துக்கொண்டவை கடுகுவிதை, புளித்த மா, காணாமற்போன வெள்ளிக்காசு, விளக்குத்தண்டு ஆகியவையே. வீடு பெருக்கும் பெண்ணை அவர் உற்று நோக்கியிருந்தாலன்றி அக்கதையைச் சொல்லியிருக்க முடியாது. ஞாயிறுதோறும் இவற்றைக் கேட்டும், கடுகு என்பது கருத்தென எண்ணினோமேயன்றி, கடுகை எடுத்துக் கையிற் வைத்துப் பார்த்திலோம்.

பெண்டிர் வாழ்க்கை இப்பாட்டினுள் இடம்பெற்ற வரலாறும் சுவையுடையது. காகா நாட்டுச் சியோ (1703–1775) போன்ற பெண்பாற் புலவர் முன்னரே இருந்தனர். ஆயினும் 1916-இல் கியோஷி தாம் நடத்திய ஹொத்தோத்தோகிசு என்னும் இதழில் ‘அடுக்களைப் பாட்டுக்கள்’ என ஒரு பகுதி திறந்து, இல்லறப் பெண்டிரை எழுதுமாறு அழைத்தார். ‘அடுக்களை ஹைக்கூ’ என்று அதனை இகழ்ந்தோரும் உண்டு. அவ்வாயில் வழி வந்தவருள் சுகிதா ஹிசாஜோ (1890–1946) பெரும் புலவராக விளங்கினார். அதே 1916-ஆம் ஆண்டில்தான் நம் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதி, அதன் சொற்சுருக்கத்தை வியந்தார். தாகூர் ஜப்பானுக்குச் சென்றதும் அவ்வாண்டே. தமிழில் ஹைக்கூ நூல்வடிவில் வெளிவர ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழிந்தன; 1984-இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’ வந்தது. இன்று துளிப்பா என்னும் பெயரும் வழங்குகின்றது. இன்று வெளிவருவனவற்றுட் பல, கூர்மையான பழமொழிகளாகவோ மேடைப்பேச்சின் துண்டுகளாகவோ அமைந்துவிடுகின்றன என்பது எம் தாழ்மையான எண்ணம். எம் முதல் முயற்சிகளும் அவ்வாறே இருந்தமையின் இதனைச் சொல்லும் உரிமை எமக்குண்டு.

முதல் மழை பெய்த இரவில் விடுதி அறையில் ஈசல் மொய்த்தது. உடனே யாம் எழுதியது இது:

ஒருநாள் வாழ்விற்கோ
இத்தனை சிறகு, ஈசலே?
மனிதனும் உன்போல!

எழுதி முடித்தபோது பெருமிதம் கொண்டோம். மறுநாட் காலை படித்தபோது நாணினோம். இதில் ஈசலே இல்லை. எம் அறிவுரை மட்டுமே இருந்தது. ‘உன்போல’ என்னும் உவமவுருபு வேறு. மேசையை மறுபடி நோக்கினோம். இரவில் விளக்கை நோக்கினோமேயன்றி மேசையை நோக்கியதில்லை. பின்னர் எழுதியது:

முதல் மழை இரவு;
திறந்த இலக்கண நூலின்மேல்
நான்கு ஈசற் சிறகு.

இது சிறந்த பாட்டென்று யாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஓர் ஈசலுக்கு நான்கு சிறகு என்பதையும், நான்கும் ஏறக்குறைய ஒரே நீளமுடையன என்பதையும் பத்தொன்பது ஆண்டு வாழ்ந்த பின்னர் அன்றுதான் அறிந்தோம். ‘நான்கு’ என்னும் சொல்லை எழுதிய கணத்தில் நெஞ்சில் எழுந்த மகிழ்ச்சி, தேர்வில் முதலிடம் பெற்றபோதும் எழுந்ததில்லை. புகழால் வரும் மகிழ்ச்சி பிறர் சொல்லக் காத்திருப்பது. இதற்கு யாரும் வேண்டியதில்லை. அன்றுமுதல் குளியலறைக் குழாயும், உணவுக்கூட மணியும், காவலர் மடித்து வைக்கும் கம்பளியும் எம்மைத் தடுத்து நிறுத்தத் தொடங்கின. வகுப்பிற்குச் சில நாள் காலந்தாழ்த்துச் சென்றதும் உண்டு. ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருளினர்.

ஜப்பானியர் கூடி எழுதும் முறைக்குக் குக்கை என்று பெயர். ஒவ்வொருவரும் தம் பாட்டுக்களைச் சிறு தாள்களில் பெயரின்றி எழுதிக் கொடுப்பர். அவை கலக்கப்பட்டு, எழுதியவர் கையெழுத்துத் தெரியாதவாறு வேறொருவரால் மறுபடி எழுதப்படும். அப்படியைச் சுற்றி அனுப்பி, தாம் விரும்பியவற்றை ஒவ்வொருவரும் தேர்வர். தேர்ந்தவை உரக்கப் படிக்கப்படும்போது மட்டுமே எழுதியவர் தம் பெயரைச் சொல்லுவார். ஆசிரியர் பாட்டும் மாணவர் பாட்டும் அத்தாளில் ஒன்றே. இவ்வாண்டு விடுமுறை முடிந்து திரும்பிய சில வாரங்களில், ஒரு சனிக்கிழமை இரவு, விடுதியில் எண்மர் கூடி, கைப்பேசிகளை ஒரு மூலையில் வைத்துவிட்டு இம்முறையை நடத்தினோம். ஆளுக்கு மூன்றாக இருபத்துநான்கு பாட்டு. பெரிதும் கைதட்டுப் பெற்றது இது:

தேர்வுக் காலம்;
பாமாலை நூலின் நடுவே
உலர்ந்த குருத்தோலை.

இருபத்துநான்கனுள் மற்றொன்று இருந்தது:

விடுமுறை முடிந்தது;
தந்தையின் நாற்காலியில்
துவைத்த துணிகள்.

இதனை ஒருவரே தேர்ந்தார். தேராதவர் தம் காரணத்தைக் கூறவேண்டும் என்பது யாம் வைத்துக்கொண்ட விதி. யாம் எழுந்து, கற்றது புலப்பட, இதில் பருவச்சொல் இல்லையென்றும், மாந்தர் இயல்பைப் பருவமின்றிப் பாடும் பாட்டு சென்ரியூ என்னும் வேறு வகையைச் சேருமென்றும், அவ்வகை பதினெட்டாம் நூற்றாண்டில் கராய் சென்ரியூ என்பவர் பெயராற் பெற்ற பெயரென்றும் விரித்துரைத்தோம். நாற்காலியில் துணி கிடப்பது சோம்பலைக் குறிக்கும் நகைச்சுவை என்றும் ஒரு சொல் சேர்த்தோம். சிலர் நகைத்தனர். பின்னர், தேர்ந்தவர் அதனை உரக்கப் படித்தார். எழுதியவர் பெயர் சொல்ல வேண்டிய முறை. எம் அறைக்கு இரண்டு அறை தள்ளி வாழும், மிகுதியாகப் பேசாத அன்பர் ஒருவர் மெல்லத் தம் பெயரைச் சொன்னார்.

‘அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லையா?’ என்று தேர்ந்தவர் கேட்டார்.

‘அப்பா இருந்தவரை யாரும் அதில் துணி வைத்ததில்லை,’ என்றார் அவர்.

மே மாதத்தில் நிகழ்ந்ததாம். ஓராண்டு ஒரே கூடத்தில் உண்டோம். திரும்பி வந்தபின்னும் சில வாரங்களாக நாள்தோறும் வணக்கம் சொன்னோம். அவர் சொல்லவில்லை, யாம் கேட்கவுமில்லை. தாளில் இருந்தது. எழுத்தெண்ணிப் படிக்கக் கற்றிருந்த யாம் மூன்று அடியைப் படித்து, அதில் இல்லாத ஒன்றைத் தேடினோமேயன்றி, இருந்த நாற்காலியைப் பார்த்திலோம். அன்றிரவு அவர் அறைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. ‘அதை எழுதின அன்று நல்லா தூக்கம் வந்தது’ என்று மட்டும் சொன்னார். துயரைப் பாடிய பாட்டில் எழுதுவோர்க்கு இன்பம் எங்ஙனம் வரும் என்று ஷிக்கியின் பீர்க்கைப் படித்த இரவில் எமக்கெழுந்த வினாவிற்கு, நூல்கள் தந்த விடையினும் இது எமக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த குக்கை ஆடியில் நடந்தது. அவர் அதே பாட்டைத் திருத்திக் கொண்டுவந்தார். எம் விரிவுரையை மறவாமல் பருவச்சொல் சேர்த்திருந்தார்:

ஆடிக் காற்று;
தந்தையின் நாற்காலியில்
துவைத்த துணிகள்.

காற்றிற்கு அஞ்சிக் கொடியிலிருந்து விரைந்து எடுத்த துணிகளை, அருகிலிருந்த வெற்றிடத்தில் யாரோ, ஒருவேளை தாயார், வைத்துவிட்டுச் சென்ற தோற்றம் இப்பொழுது தெரிகின்றது. இலக்கணம் நிறைந்துவிட்டது. ஆயினும் ‘விடுமுறை முடிந்தது’ என்னும் முன்னைய அடியில், வீட்டைவிட்டுப் புறப்படும் மகன் வாயிலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது இருந்தது. அது போய்விட்டதே என்று யாம் வருந்தினோம். முன்னதே சிறந்ததென எழுந்து சொன்னோம். அவர் உடன்படவில்லை. எண்மரும் இரவு பத்தரை மணிவரை வழக்கிட்டும் முடிவு காணவில்லை. விளக்கணைக்கும் மணி அடித்துவிட்டது.